கண்ணாடி இல்லாத வண்டி

மார்ச் 3, செவ்வாய்

தம்பி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டான். மலைப் பாதையெல்லாம் பைக்கில் பறப்பவன் சோப்பு நுரையில் கவிழ்ந்திருக்கிறான். நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறைக்கே அழைத்து வந்தார்கள். “அசையாம இருங்க” என்று, முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல அவனிடமும் சொன்னேன். திரையில் பார்த்தால், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலிருக்கும் எலும்பு சுள்ளி ஒடிந்த மாதிரி இரண்டாகக் கிடக்கிறது.

அவன் அழுதது வலிக்காக இல்லை. “இருபத்தி ரெண்டாம் தேதி ட்ராக் டே இருக்குக்கா!”

மார்ச் 5, வியாழன்

ட்ராக் டே என்றால் என்ன என்று இன்றுதான் முழுசாகக் கேட்டேன். பந்தயத் தடத்தை ஒருநாள் சாதாரண ஆட்களுக்குத் திறந்துவிடுவார்களாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. சொந்த வண்டியைக் கொண்டுபோய், சொல்லிக்கொடுப்பவர் பின்னால் சுற்றிப் பழகலாம். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாம். அதனால் நம் தம்பித் துரை தன் இடத்தை வேறு பெயருக்கு மாற்றிவிட்டார். என் பெயருக்கு. என்னைக் கேட்காமல்!

“எனக்கு முன்னாடியே பைக் ஓட்டினது நீதானே?”

ஓட்டுகிறேன். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. செக்குமாடுகூட என்னைவிட ஊர் பார்த்திருக்கும். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

துணி மடிக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. என்ன கேடு எனக்கு?

மார்ச் 8, ஞாயிறு

சரி என்று சொல்லிவிட்டேன். தம்பியிடம் இல்லை, முதலில் என் வீட்டுக்காரரிடம். இவர் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் நுரையோடு திரும்பினார்.

“தினமும் ஒடிஞ்ச எலும்பப் படம் எடுக்கறவ நீ. உனக்கே புத்தி வேணாமா?”

“கவனமா ஓட்டுவேங்க.”

“உன் எக்ஸ்ரே ரூமுக்கு வர்ற எல்லாருமே அப்படித்தான் சொல்லிட்டு வந்திருப்பாங்க.”

அதற்குமேல் பேச்சில்லை. சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம். இவர் வாயை மூடிக்கொண்டால் வீடே மூடிக்கொள்ளும். அவர் சொன்னதில் தப்பு இருக்கிறதா? இல்லை. அதுதான் கோபம் வருகிறது.

மார்ச் 14, சனி

இன்னும் பேசவில்லை. “குழம்பு” என்றார். ஊற்றினேன்.

மார்ச் 21, சனி

தம்பி ஒற்றைக் கையோடு வந்து வண்டியைத் தயார் செய்தான். அதாவது, அவன் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தான், நான் செய்தேன். முன்விளக்கின்மேல் டேப் ஒட்டியாயிற்று. விழுந்தால் கண்ணாடிச் சில்லு தடத்தில் சிதறக் கூடாதாம். பக்கக் கண்ணாடிகளையும் கழற்றச் சொன்னான்.

“பின்னாடி வர்றவனை எப்படிப் பாக்கறது?”

“பாக்க வேணாம்க்கா. அங்க அதான் சட்டம்.”

கண்ணாடி இல்லாத வண்டி காது அறுந்த முயல் மாதிரி நின்றது. இவர் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. எழுதிவிட்டுத்தான் படுக்கை.

காலையில் கிளம்பும்போது இவர் தூங்குவதுபோலக் கிடந்தார். தூங்குகிறவர் அவ்வளவு அமைதியாக மூச்சு விடமாட்டார்.

வாடகைத் தோல் உடைக்குள் நுழைவதற்குள் பாதி உயிர் போயிற்று. தம்பி ஒற்றைக் கையால் ஜிப்பை இழுக்க, நான் மூச்சை உள்ளே இழுக்க, பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பை இழுத்துப் பிடித்தார்கள். மடக்குக் கட்டில் எழுந்து நடப்பதுபோல நடந்தேன்.

எங்கள் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்னைவிட ரொம்பச் சின்னவள். முதல் சுற்றில் எல்லோரும் என்னைக் கடந்து போனார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நிறுத்தியதும் அவள் வந்தாள்.

“அக்கா, யாரத் தேடறீங்க?”

“பின்னாடி யாரும் இடிச்சிடக் கூடாதில்ல?”

“முந்தறவங்கதான் பாத்து முந்தணும். பின்னாடி வர்றவங்க உங்க பொறுப்பு இல்லக்கா. உங்களுக்கு முன்னாடி இருக்கறது மட்டும்தான் உங்களோடது.”

ஹெல்மெட்டைத் துடைக்கும் சாக்கில் குனிந்துகொண்டேன். அம்மா போனபோது தம்பி பள்ளிக்கூடம்கூட முடிக்கவில்லை. அப்புறம் கல்யாணம், பிள்ளைகள். என் பின்னால் இருப்பவர்கள் என் பொறுப்பில்லை என்று யாரும் என்னிடம் சொன்னதே கிடையாது. இவள் தடத்தைப் பற்றித்தான் சொன்னாள், தெரியும். இருந்தாலும்—

அடுத்த சுற்றில் திரும்பவில்லை. வளைவு முடியும் இடத்தையே பார்த்தேன். வண்டி தானாகச் சாய்ந்தது. மூன்றாவது வளைவில் ஹெல்மெட்டுக்குள் யாரோ சிரிக்கும் சத்தம். நான்தான்.

மதியம் விழுந்தேன்.

ஒருத்தன் உரசுகிற மாதிரி கடந்தான். பதறிப்போய் வளைவின் நடுவில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். வண்டி தனியாக, நான் தனியாக. புல்லில் மல்லாந்து கிடந்தேன். விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு என்று வரிசையாக அசைத்துப் பார்த்தேன். வேலைப் பழக்கம். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மேலே வானம், அதுபாட்டுக்கு. இத்தனை நாள் நான் பயந்தது இதற்குத்தானா?

தடுப்புக்கு அந்தப்பக்கம் வரை தம்பி ஓடி வந்துவிட்டான். கட்டுப்போட்ட கையோடு. அழுகிறான். “போதும்க்கா, வா, வீட்டுக்குப் போலாம். என் தப்புதான். உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் யார்கிட்டடா போவேன்?” அக்காவை ‘டா’ போட்டது அவனுக்கே தெரியவில்லை.

மருத்துவர் பார்த்துவிட்டு, இடுப்பில் ஊமைக்காயம், வேறொன்றுமில்லை என்றார். வண்டியின் கால்மிதி வளைந்திருந்தது. அங்கிருந்த மெக்கானிக் நிமிர்த்திக் கொடுத்தார். நானே இவருக்கு போன் செய்தேன். மறைத்து வைத்து அப்புறம் சொல்ல முடியாது என்னால்.

“விழுந்துட்டேங்க. ஒண்ணும் ஒடியல.”

“கெளம்பிட்டியா?”

“இல்ல. கடைசிச் சுற்று ஒண்ணு இருக்கு.”

வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

“அந்த எடத்துல பிரேக்கைத் தொடாதே” என்றார். “முடிச்சுட்டுக் கூப்பிடு.”

தம்பி சொல்லியிருப்பான் போல எப்படி விழுந்தேன் என்று, எனக்கு முன்பே. போனேன். அந்த வளைவு வந்தபோது விரல்களைக் கைப்பிடியோடு மடக்கிக்கொண்டேன். பிரேக்கைத் தொடவில்லை. கடைசிவரை நான் யாரையும் முந்தவில்லை. கடைசி ஆளாகத்தான் வந்தேன். அந்தப் பெண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். தம்பி பார்க்கவே இல்லையாம், கண்ணை மூடிக்கொண்டு நின்றானாம்.

மார்ச் 23, திங்கள்

இடுப்பு கத்தரிக்காய் நிறம். மருந்து தடவிவிட்டபடி இவர் கேட்டார், “அப்படி என்னதான் இருக்கு அதுல?” “வளையும்போது...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். இவரும் விடவில்லை, “ம், வளையும்போது?” என்றார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கார் பழுது பார்க்கப் போயிருக்கிறது. சந்தைக்குப் போயாக வேண்டும். ஆட்டோவைக் கூப்பிடுவார் என்று பார்த்தால், பையை எடுத்துக்கொண்டு வந்து என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவர் என் பின்னால் உட்கார்ந்ததில்லை.

“மெதுவாப் போ.”

“சரிங்க.”

தெருமுனைவரை கழி மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தார். பெரிய ரவுண்டானாவில் ஒரு வண்டிகூட இல்லை. “நான் சாயற பக்கமே நீங்களும் சாயுங்க” என்றேன். வளைவில் வண்டியைச் சாய்த்தேன். பின்னாலிருந்த கனம் ஒரு நொடி எதிர்த்தது. பிறகு மெல்ல, என்னோடு சேர்ந்து சாய்ந்தது.

சந்தைக்கு இடப்பக்கம் பிரிய வேண்டும். இண்டிகேட்டர் போட்டேன். என் தோளைத் தட்டினார்.

“அவசரமா என்ன? இன்னொரு தடவ சுத்தேன்.”