பையன் பார்த்துப்பான்

அன்புள்ள வெர்னனுக்கு,

மரம் அறுக்கும் மில்லில் முதுகெலும்பு உடைந்ததற்காக உன் அப்பாவுக்கு ஆயுள் முழுதும் வரும் மாத நஷ்டஈட்டுப் பணத்தை ஒரு கம்பெனிக்கு மொத்தமாக விற்று, உன் பட்டறைக்குக் கொடுக்கலாம் என்று அனுமதி கேட்க இன்று ரோஸ்பர்க் கோர்ட்டுக்குப் போனோம்.

"இதை வித்துட்டா, அப்புறம் உங்களை யாரு பாத்துப்பாங்க?" என்று கேட்டார் நீதிபதி அம்மா.

அப்பா சக்கர நாற்காலியில் நிமிர்ந்து, "எம் பையன் பாத்துப்பான்" என்றார்.

"அவர் வந்திருக்காரா?"

அப்பா கதவைத் திரும்பிப் பார்த்தார். அனுமதி கிடைக்கவில்லை.

காரில் வரும்போது, "அவனுக்கு வேலை இருந்திருக்கும். நீ ஒண்ணும் திட்டாத" என்றார்.

நான் திட்டவில்லை. அவரைத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைக்க இப்போதெல்லாம் எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். பணம் வராது என்பதற்காக நீயும் வராமல் இருந்துவிடாதே.

உன் அம்மா