நிமிர்ந்து நிற்கும் பாதி மேஜை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உனக்கு எப்போது எது குறைந்தது? அம்மாவின் முட்டிவலி தேவலை. உன் அண்ணிக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. எனக்குக் கிடைக்கவில்லை. என்னிடம் வேலை பழகியவன் இப்போது எனக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, "சார், கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்கிறான். சார் என்பதை மட்டும் இன்னும் விடவில்லை.

நீயும் எங்கள் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் விளையாட்டு அறையில் கிடந்த டேபிள் டென்னிஸ் மேஜை உனக்கு நினைவிருக்கும். இறுதி ஆட்டத்தில் என்னை ஜெயித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் தோளில் தட்டி, "விடுண்ணா, விளையாட்டுதானே" என்றாயே, அதே மேஜை. தோற்றதுகூடப் பரவாயில்லை. அந்தத் தட்டலை நான் மறக்கவில்லை.

இப்போது என்னோடு ஆட யாரும் வருவதில்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் குண்டு மனிதர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "தோத்தா ஒரு வாரம் பேச மாட்டீங்க, ஜெயிச்சா ஒரு வாரம் பேச்சை நிறுத்த மாட்டீங்க. நமக்கு எதுக்கு சார் வம்பு?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். போகட்டும். மேஜையின் ஒரு பாதியை மடக்கிச் சுவர்போல் நிமிர்த்திவிட்டால் தனியாகவே ஆடலாம். அடித்த பந்து திரும்பி வரும். பலகை புத்தி சொல்லாது. மதிய இடைவேளையில் அதுதான் எனக்குத் துணை.

சில வாரங்களாக ஏதோ சரியில்லை. மெதுவாகத் தட்டினாலும் பந்து வேகமாக வருகிறது. கோபமாக வருகிறது என்று எழுதினால் நீ சிரிப்பாய். விடாமல் அடிக்கிறேன். முதலில் ஓய்வது என் கைதான்.

ஆடி முடித்ததும் அந்தப் பாதியை இறக்கி வைத்துவிட்டுத்தான் போகிறேன். மறுநாள் நிமிர்ந்து நிற்கிறது. எவன் இந்த வேலை செய்கிறான் என்று பராமரிப்பு ஆளிடம் சத்தம் போட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீங்கதான சார் காலையில வந்ததும் நேரா இங்க வந்து தூக்கி நிறுத்தறீங்க? வணக்கம் சொன்னாக்கூட திரும்பிப் பாக்கறதில்ல" என்றான். காலையில் நான் அந்த அறைக்குப் போவதே இல்லை, தம்பி.

ராத்திரி சாப்பிடும்போது உன் அண்ணியிடம் சொன்னேன். "அங்கயாவது ஒருத்தர் உங்களுக்கு ஈடு குடுக்கறாங்களே" என்றாள். மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டில் என் சொல்லே என்னிடம் திரும்பி வருகிறது. "சோறு ஆறிப்போச்சு" என்றால், "ஆறிப்போச்சு" என்கிறார்கள். அவ்வளவுதான்.

நேற்று ஆடிக்கொண்டிருக்கும்போது பலகைக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. மேல் விளிம்பில் வியர்வை ஈரத்தோடு விரல் தடம் மட்டும் இருந்தது. அப்போது மறுபக்கம், சற்றுமுன் நான் நின்ற இடத்தில், பந்தை மேஜையில் தட்டும் சத்தம் கேட்டது. சர்வீஸ் போடுமுன் நான் தட்டித் தட்டிப் பார்ப்பேனே, அதே தாளம். பந்து என் கையில்தான் இருந்தது. எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அடுத்த நொடி பலகையில் ஓர் அடி விழுந்தது. அது என் நெஞ்சில் அதிர்ந்தது. இன்னொன்று. அதற்குமேல் இன்னொன்று. அங்கே ஆடுகிறவன் நிறுத்துவதாகத் தெரியவில்லை. எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை.

விடுமுறைக்கு வருவாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன். எதிரே ஓர் ஆள் நின்றால்தான் அந்தப் பாதி இறங்கியே கிடக்கும் என்று தோன்றுகிறது. வேறு யாரைக் கூப்பிடுவேன்? எனக்காக விட்டுக்கொடுத்து ஆட வேண்டாம். அந்த அறைக்கு வரும்போது வாசலிலேயே நின்று, அண்ணா என்று ஒருமுறை கூப்பிடு. பலகையின் எந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறது என்று பார். பதில் வராவிட்டாலும் திரும்பிப் போய்விடாதே.

நீயும் பிள்ளைகளும் நன்றாக இருங்கள்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணன்