ஏழு பிரதிகளின் உயரம்

ஜனவரி 9

இன்றும் கராத்தே கூடத்தில் என் இல்லாளுக்கு இடுப்பு வளைத்து வணக்கம் செலுத்தினேன். அவள் கறுப்புப் பட்டை. நான் அதற்கு ஒரு படி கீழே, பழுப்பு. இளைய பட்டை மூத்த பட்டையை வணங்க வேண்டும் என்பது விதி. வாரந்தோறும் மன்றத்தில் நான் மறைநூலுக்குப் பொருள் உரைக்கும்போது கடைசி வரிசையில் கண்மூடி இருப்பவள் (தியானம் என்கிறாள்), இங்கே என் வணக்கத்தை மட்டும் கண்களை அகல விரித்து வாங்கிக்கொள்கிறாள்.

கறுப்புப் பட்டைக்கு எனக்குக் குறைவது ஒன்றே: ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டித் தரையோடு தரையாக அமர்தல். இதற்குக் ‘கால்விரிப்பு’ என்று பெயரிட்டிருக்கிறேன்.

“ஐயா, ஸ்ப்ளிட்னே சொல்லுங்க. பேரு நீண்டா காலு நீளுமா?” என்றார் மாஸ்டர். முப்பது வயதுப் பெண். நாவில் இரக்கம் கிடையாது.

ஜனவரி 12

மாஸ்டர் காட்டிய வழி: இறங்க முடிந்த உயரத்துக்குத் தொடையின் கீழே புத்தகங்களை அடுக்கிப் பாரத்தை அவற்றின்மேல் விட வேண்டும். உடல் இளக இளக ஒவ்வொன்றாக உருவ வேண்டும்.

எவற்றை அடுக்குவது? அலமாரியின் முன் அரைமணி நேரம் நின்றேன். மறைநூலின்மேல் அமர்வதா? பழம்பாடல்களின்மேலா? நினைக்கவே உடல் கூசிற்று. அகராதியில்கூட இறைவன் பெயர் இருக்கிறதே.

இல்லாள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு புத்தகக் கட்டை இழுத்தாள். யாப்பிலக்கணம் பற்றிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய நூல். எவரும் கேட்டு வாங்காத ஏழு பிரதிகள்.

“சாமி பேரு இல்லாத புத்தகம் இந்த வீட்டுல இது ஒண்ணுதாங்க. யாரையாவது தாங்கட்டுமே.”

ஒரு நிபந்தனையும் விதித்தாள். உருவிய பிரதி கட்டிலடிக்குத் திரும்பக் கூடாது. யாருக்கேனும் கொடுத்துவிட வேண்டும்.

ஜனவரி 13

ஏழும் போதவில்லை. தலையணை ஒன்று சேர்த்தோம்.

பிப்ரவரி 3

ஒவ்வொரு முறையும் முப்பது விநாடி அசையாதிருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஒவ்வாது. நான்கடித் துதிப்பாடல் ஒன்றை நிதானமாக ஓதினால் சரியாக முப்பது விநாடி ஆகிறது. மாஸ்டர் அதையே வகுப்பு முழுமைக்கும் அளவாக்கிவிட்டார்.

பக்கத்துப் பாயில் தையற்காரர். ஐம்பது வயது, என்னினும் பருமன். “ஐயா, கொஞ்சம் சின்னப் பாட்டா எடுங்க, ஆண்டவன் கோச்சுக்க மாட்டாரு. தொடை கிழியுது. இதத் தைக்க எங்கிட்ட ஊசி இல்ல.”

இல்லாள் வேறொன்றைக் கவனித்திருக்கிறாள். “வலிக்காதப்ப ராகம் போட்டு இழுக்கறீங்க. வலிச்சா பாட்டு ரயில் மாதிரி ஓடுது. அவசரம் சாமிக்கா, உங்களுக்கா?”

என் பக்தியின் வேகத்தைத் தொடைத்தசையா தீர்மானிக்கிறது?

மார்ச் 20

ஐந்து. தலையணை போயிற்று. தையற்காரருக்கு ஒரு பிரதி, மன்றத்து நூலகருக்கு ஒரு பிரதி.

பத்து நிமிடம் விரைந்து நடந்து உடலைச் சூடாக்க வேண்டும். பிறகு இறங்கி, குதிகாலைத் தரையில் பத்து விநாடி அழுத்தி, மூச்சை விட்டுத் தளர்த்தினால் உடல் தானே ஒரு விரற்கடை தாழ்கிறது. முதலில் எதிர்த்து, பின்பு இணங்குதல். நாற்பது ஆண்டுகளாக இல்லறத்தில் நான் கைக்கொண்டுவரும் முறைதான்.

ஏப்ரல் 17

இல்லாளின் இடுப்பு மூட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று மருத்துவர் நாள் குறித்துவிட்டார். செப்டம்பர் 2. அதன்பின் அவளுக்குக் கராத்தே இல்லை.

இருவர் எதிரெதிர் நின்று அடியும் தடுப்புமாகச் செய்யும் இணைவரிசை ஒன்று உண்டு. ஒரே நிறப் பட்டை உடையோர்தாம் அதைச் சேர்ந்து செய்யலாம். “ஒரு தடவையாவது உங்க எதிர்ல நிக்கணும்னு நெனச்சேன். பரவால்ல,” என்றாள். மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

பட்டைத் தேர்வு ஆகஸ்ட் 20. அதற்குள் தரையைத் தொட்டாக வேண்டும்.

ஏப்ரல் 18

விடியலில், உடலைச் சூடாக்காமல், இரண்டு பிரதிகளை ஒருசேர உருவிவிட்டு இறங்கினேன். தொடையில் ஏதோ அறுந்தது. ஐயோ — ஏன் இப்படிச் செஞ்சேன்? அறுபத்தேழு வயசுல புத்தி எங்க போச்சு? பாட்டுகூடப் பாதியில நின்னுபோச்சு.

ஏப்ரல் 19

மாஸ்டர் திட்டவில்லை, அதுவே பெருந்தண்டனை. “தசை இழுத்தா அப்படியே இருங்க, வலிச்சா மேல ஏறுங்கன்னு சொன்னேன்ல ஐயா? நாலு வாரம் ஸ்ப்ளிட் பக்கமே வரக் கூடாது.”

மே 23

மீண்டும் முதலிலிருந்து. ஏழு பிரதிகளின் உயரம் தேவை, இருப்பவை ஐந்து.

“குடுத்தத திருப்பிக் கேக்கப் போறீங்களா?” என்றாள் இல்லாள். தையற்காரர் தாமே முன்வந்தார். “எடுத்துக்கங்க ஐயா. தொறக்கவே இல்ல, புத்தம் புதுசா இருக்கு.”

போர்வையை மடித்து வைத்துக்கொண்டேன்.

ஜூலை 11

மூன்று. மாஸ்டருக்கு அளித்த பிரதி அவருடைய மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் இருக்கிறது. தாங்குவதில் அதற்கு முன்னனுபவம் உண்டு.

பாட்டு இப்போது ஓடுவதில்லை. இல்லாளே ஒப்புக்கொண்டாள்.

ஆகஸ்ட் 19

ஒன்று.

ஆகஸ்ட் 20

குத்து, தடுப்பு, உதை யாவும் தேறின. இறுதியில் கால்விரிப்பு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மண்டியிட்டு என் தொடைக்கும் தரைக்கும் இடையே கையை நுழைத்தார். உள்ளங்கை தடையின்றிச் சென்றது.

“ஒரு புத்தகம் வைக்கலாம் போலிருக்கே. அடுத்த தேர்வு ஆறு மாசத்துல, ஐயா.”

இவரிடம் யார் சொன்னது?

வாசலில் இல்லாள் காத்திருந்தாள். “சொல்ல வேணாம். மூஞ்சியிலயே தெரியுது,” என்று என் பையை வாங்கிக்கொண்டாள். நான் அல்லவா அவள் பையைச் சுமக்க வேண்டும்?

ஆகஸ்ட் 29

அவளுடைய கடைசி வகுப்பு. நான் பழுப்பு வரிசையில் நின்றேன். உடைமாற்றும் அறையிலிருந்து அவள் தாமதமாக வந்தாள். இடுப்பில் பழுப்புப் பட்டை! ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கழற்றி வைத்தது, நுனி நைந்திருந்தது. நேரே வந்து என் எதிரில் நின்றாள்.

மாஸ்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இணைவரிசை. ஆரம்பிங்க,” என்றார்.

பழக்கத்தால் ஆழக் குனிந்தேன். “அவ்வளவு வேணாம்,” என்று முணுமுணுத்தாள். “இன்னிக்கு சமம்.”

மெல்லச் செய்தோம். மூன்றாம் அடியை நான் மறந்தபோது கண்ணாலேயே காட்டினாள். முடிந்ததும் தையற்காரர் கைதட்டிவிட்டார். கூடத்தில் கைதட்டலாகாது என்பது விதி. மாஸ்டருக்குக் காது கேட்கவில்லை போலும்.

செப்டம்பர் 3

அறுவை நலமே முடிந்தது. இறைவன் திருவருள்.

“அந்தக் கடைசிப் புத்தகத்த எடுத்துட்டு வாங்க. தூக்கம் வரணும்,” என்றாள். மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செப்டம்பர் 7

தூங்கவில்லை, படித்திருக்கிறாள்! “முப்பதாம் பக்கத்துல விதி சொல்றீங்க. நாப்பத்தோராம் பக்கத்துல உங்க வெண்பாவே அந்த விதிக்குத் தப்பா இருக்கே?”

அசை பிரித்துப் பார்த்தேன். தளை தட்டத்தான் செய்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக எவரும் கண்டதில்லை. எவரும் படித்ததில்லை என்பதே சரியான உரை.

செப்டம்பர் 8

நாளை அவள் வீடு திரும்புகிறாள். மருத்துவமனையிலிருந்து நடந்தே வந்தேன்; முக்கால் மணி நேரம். வழியெல்லாம் அந்த வெண்பாவைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். வீடு சேர்ந்து, கால்களை நீட்டி இறங்கும்போதும் மூன்றாம் அடியிலேயே மனம். சீர் ஒன்று பொருந்தியது. மூச்சை விட்டேன். தொடைக்குக் கீழே ஏதோ சில்லென்றது. தரை.

புத்தகம் அவளிடமல்லவா இருக்கிறது!

கைபேசி எட்டும் தூரத்தில் கிடந்தது. “தரையில இருக்கேன்,” என்றேன்.

“ஐயோ, விழுந்துட்டீங்களா?”

“இல்ல. ஸ்ப்ளிட்.”

‘கால்விரிப்பு’ என்று சொல்ல அக்கணம் தோன்றவில்லை. மறுமுனையில் அவள், “அப்படியே இருங்க. பாட்டச் சொல்லுங்க. முழுசா, ஓடாம.”

ராகம் போட்டு, நான்கடியும் சொன்னேன்.