ஒத்திகை என்று சொன்னது

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

ஆளுக்கு ஒரே ஃபிலிம் சுருள், மூன்று நிமிடப் படம், அதற்கென்று நம் ஊரிலேயே ஒரு விழா என்று நீ சொன்னதும் ஆசையாகத்தான் நடிக்க வந்தேன். அன்று காலையில், "கேமராவுல ஃபிலிம் இல்லக்கா, இது ஒத்திகை. புருஷனுக்காகக் காத்திருக்கிறவ நீ. மனசுல என்ன வருதோ பேசு" என்றாய். பேசினேன். கட்டின புருஷன், உன் மாமா, ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இவர் பிழைக்காவிட்டால் நிம்மதி என்று ஒருநாள் நினைத்ததைச் சொன்னேன். உன்னிடம்தானே என்று சொன்னேன். மேசையில் கிடந்த உன் போன் என் குரலைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

நேற்று அது திரையில் ஓடியது. பக்கத்து நாற்காலியில் மாமா. விளக்குப் போட்டதும் எல்லோரோடும் சேர்ந்து அவரும் கை தட்டினார். வீட்டுக்கு வந்ததிலிருந்து தன் தட்டைத் தானே கழுவி வைக்கிறார்.

ஏன்டா இப்படிச் செய்தாய்?

உன் அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்கா,

உன் கோபம் நியாயம்தான். சாயங்காலம் நீ பவுடர் போட்டுக்கொண்டு நாலு தடவை நடித்தாயே, அப்போதுதான் கேமரா காலி. சுருள் காலையில் அந்த 'ஒத்திகை'யிலேயே முடிந்துவிட்டது. சொல்லியிருந்தால் நீ வாயே திறந்திருக்க மாட்டாய்.

முதல் பரிசு நமக்குத்தான் அக்கா. அது நான் எழுதிக் கொடுத்த வசனம் என்று மாமாவிடம் சொல்லிவிடு. யார் கேட்டாலும் நானும் அப்படியே சொல்கிறேன். சத்தியம்.

உன் செல்லத் தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

நீ சொன்னபடியே மாமாவிடம் சொன்னேன். நம்பினார். நாலு நாள் பழையபடி என்னிடம் டீ கேட்டார்.

நேற்று செய்தித்தாளில் உன் பேட்டி. 'வசனமே எழுதவில்லை, அக்காவுக்கே தெரியாமல் எடுத்தேன், அதனால்தான் உண்மையாக வந்தது' என்று சொல்லியிருக்கிறாய். மாமா அதை எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார்.

"ஆமாங்க, அன்னிக்கு நினைச்சேன்" என்றேன். "ஆறு மாசம் தூக்கமில்ல. நினைச்சுட்டேன்."

"நினைச்சது இருக்கட்டும். நாலு நாளா என்னை முட்டாளாக்கினியே" என்றார். படுக்கையை மாடி அறைக்கு எடுத்துப் போய்விட்டார்.

அவரிடம் பட வேண்டியதை நான் பட்டுக்கொள்கிறேன். உன் கேமரா முக்காலியையும் துணிமணியையும் விழா அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள். வீட்டுக்கு வராதே. பதிலும் எழுத வேண்டாம்.

அக்கா