இலவமரம் சாஞ்சிருச்சு

மாமா,

மலையில ஏலக்காத் தோட்டத்துல டவர் கிடைக்கலை போல, எத்தனை தடவை அடிச்சும் உங்களுக்குப் போன் போகலை. அதான் எழுதி வச்சிட்டுப் போறேன்.

நேத்து அடிச்ச காத்துல நம்ம தோட்டத்து இலவமரம் வேரோட சாஞ்சிருச்சு. பதறாதீக, திராட்சைப் பந்தல் மேல விழலை. ஓடைப்பக்கமா படுத்துக் கிடக்கு. பாத்ததும் அழுதுட்டேன். கல்யாணமாகி வந்த புதுசுல உங்க அம்மா ஏசினா, நான் போய் உக்காந்தது அதுக்கு அடியிலதானே.

காலையில மரம் அறுக்குற பேச்சிமுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். அவுகதான் சொன்னாக. பந்தல்ல நிழல் விழுதுன்னு போன மாசமே அவுகள ரம்பத்தோட வரச்சொன்னீகளாம். வந்த ஆளுக்கு டீ வாங்கிக் குடுத்து, "நாலு குலை குறைஞ்சாக் குறையட்டும்ண்ணே, அவ மரம் நிக்கட்டும்"னு திருப்பி அனுப்பிட்டீகளாம்.

இதை ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக்கூடாதா? வெட்டியே தீருவேன்னு அன்னைக்கு நீங்க கத்தினதையே நினைச்சுக்கிட்டு, இத்தனை நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

கருவாட்டுக் குழம்பு அடுப்புல இருக்கு, சுட வச்சுக்கங்க. அவிச்ச முட்டை ரெண்டும் உங்களுக்குத்தான். மோட்டார் ரூம் சாவி என்கிட்ட இருக்கு, தேடாதீக. சாப்பிட்டுட்டுத் தோட்டத்துக்கு வாங்க.

பவானி

மறந்துட்டேன்: வெடிச்ச காய் நிறைய உதிர்ந்து கிடக்கு. பஞ்சை யாருக்கும் விக்கப் போறதில்லை. நான் இனிமே ஹால்ல படுக்கலை. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மெத்தையாத் தைக்கச் சொல்லப் போறேன்.