அணைக்காத விளக்கு: சான்று தேவை

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். பட்டாபிராமில் ரயில் கால் மணி தாமதம். குடை ஆபீசில்.

பிரபு என் வாக்கியத்தை மறுபடி நீக்கிவிட்டான். மூன்றாவது முறை. காரணமாக ஒரே வரி: "நம்பத்தகுந்த சான்று இல்லை."

குழம்பாமலிருக்க எனக்கே எழுதி வைக்கிறேன். இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை. மேற்குச் சாலையில் இருந்த சின்னக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை எடுத்துக்கொண்டது பற்றி. இன்று அங்கே சுவர்கூட இல்லை. ஒரு மேடு, மேலே செல்போன் கோபுரம்.

பிரபு சொல்வது: கோட்டை ஒப்படைக்கப்பட்டது. படை அதிகாரியின் கடிதம் இருக்கிறது. ஒரு குண்டுகூடச் சுடவில்லை. சாவி கொடுத்தார்கள்.

நான் சொல்வது: கைப்பற்றப்பட்டது. வாசலில் பீரங்கியை நிறுத்தி வாங்கிய சாவி. எடுத்துக்கொண்டவன் எழுதிய கடிதம்.

என் பக்கம் இருப்பது ஒரே வாக்கியம். "உள்ளே இருந்தவர்கள் விளக்கைக்கூட அணைக்காமல் வெளியேறினார்கள்." நான் பிறகு சேர்த்த சான்று: காட்டுப்பாக்கத்துக்காரர் ஒருவர் அச்சிட்ட சிறுநூல், பக்கம் 14. அங்கிருந்து போனவர்களைப் பற்றி உலகில் வேறு வரி இல்லை.

பிரபு. எம்.ஏ. வரலாறு, இரண்டு வருடம் ஒரே பெஞ்ச். இப்போது டெல்லி, ஆய்வு, ஆவணக் காப்பகம். பிரிந்தோம் என்று சொல்ல ஒரு தேதி கிடையாது. போன் குறைந்தது. பிறகு நம்பர் மாறியது. செப்டம்பரில் இந்தக் கட்டுரைக்குத் திருத்தம் போட வந்தான். அன்றிலிருந்து அவன் என்னிடம் பேசும் ஒரே இடம் இதன் உரையாடல் பக்கம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் "தாங்கள்" என்கிறான். நான் யாரென்று தெரியாமல் இல்லை. என் பயனர் பெயரே அவன் வைத்தது.

நவம்பர் 4, செவ்வாய்

வாங்க: அம்மா மாத்திரை, சோப்பு, நீல மை.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முழங்கால் தண்ணீர். ஷேர் ஆட்டோ பாதி வழியில் இறக்கிவிட்டது. ஆபீசில் இன்று நான் எழுதியது பிரஸ் மெஷினுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர், தமிழில். "சக்கரம் நிற்கும்வரை கையை உள்ளே விடாதீர்கள்." இதற்கு யாரும் சான்று கேட்பதில்லை.

மதியம் அவன் பதில். "தாங்கள் சுட்டும் நூலின் ஆசிரியர் எந்த மூலத்தைப் பயன்படுத்தினார் எனத் தெரிவித்தால், ஏற்பதில் தடையில்லை."

நான்கு முறை படித்தேன். பல்கலைக்கழகக் கேன்டீனில் "லூசு, ஊறுகாய தள்ளு" என்றவன்.

பக்கத்து சீட் சரவணன் திரையை எட்டிப் பார்த்தான்.

"இன்னா மேடம், லவ் லெட்டரா?"

"கோட்டை."

"கோட்டைய பாத்தா இப்டி சிரிக்கிறீங்க?"

பதிலுக்கு மூன்று வரைவு. முதலாவது நீளம். இரண்டாவதில் அவன் உடம்பு எப்படி என்று கேட்டிருந்தேன். அனுப்பியது: "விசாரித்துச் சொல்கிறேன்."

நவம்பர் 6, வியாழன்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

கலைக்களஞ்சிய நிருவாகி ஒருவர் தலையிட்டிருக்கிறார். இரண்டு மாதமாக ஒரே விஷயம், ஞாயிறு மாலைக்குள் மூலத்தைக் காட்டுங்கள், இல்லையென்றால் வாக்கியத்தை எடுத்து உரையாடலை மூடிவிடுகிறேன் என்கிறார். நியாயம்தான்.

தோற்றால் பரவாயில்லை. முடிந்துவிட்டால்?

ரயிலில் பூக்கூடை வைத்திருந்த இரண்டு பேர். "அவன் ஊட்டாண்ட வந்தானா?" "வந்தான்க்கா. வாசல்ல நின்னுகினு கரண்டு பில்ல பத்தி பேசிட்டு பூட்டான்." "அதுக்காவா வந்தான்?" அண்ணனூர் வரைக்கும் சிரித்தார்கள். நான் புத்தகத்தில் ஒரே பக்கம்.

நவம்பர் 8, சனி

காட்டுப்பாக்கம் போய் வந்தேன். ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ், அங்கிருந்து இன்னொன்று.

சிறுநூல்காரர் பெயர் கன்னியப்பன். கல்யாணப் பத்திரிகை அச்சகம் வைத்திருந்தவர். இப்போது மெஷின் இல்லை, வாசலில் போர்டு மட்டும். யாரோ தன் புத்தகத்தைத் தேடி வந்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியை இரண்டு முறை காபி போடச் சொன்னார். கோட்டை மேட்டில் தான் பந்து விளையாடிய கதையை அரை மணி நேரம் சொன்னார். பிறகு பக்கம் 14-ஐ அவரே திருப்பினார்.

"இந்த வெளக்கு மேட்டரு கீதே, அத்த படிச்சிட்டு எங்க ஊட்டம்மா அழுதுச்சும்மா."

எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன்.

"நெட்டுலதான். மருமவன் பிரின்ட்டு எட்த்துகினு வந்து குட்த்தான். எவன் எழுதினானோ, மவராசன். கூட நின்னு பாத்தாமேரி எழுதிக்கீறான்."

பரணிலிருந்து அந்தப் பிரின்ட்டையும் எடுத்துக் காட்டினார். எங்கள் கட்டுரை. பழைய வடிவம். வாக்கியத்தின் கீழே பென்சில் கோடு.

ஆக, கட்டுரைக்கு அவர் சான்று. அவருக்குக் கட்டுரை சான்று.

கிளம்பும்போது இரண்டு பிரதி கொடுத்தார். "ஒண்ணு ஒனக்கு. ஒண்ணு ஒன்கூட யாரு படிக்கிறாங்களோ அவங்களுக்கு."

மாலை, வீட்டில். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் பின்னோக்கி, திருத்தம் திருத்தமாக. வாக்கியம் முதலில் நுழைந்தது நாங்கள் இரண்டாம் ஆண்டு படித்தபோது. பெயர் இல்லை. பல்கலைக்கழகக் கணினி அறையின் ஐ.பி. எண் மட்டும். பிற்பகல் 3.40.

3.40-ஐப் பார்த்ததும் நினைவு வந்தது. மின்விசிறிச் சத்தம். கடற்கரைப் பக்கத்து ஜன்னல். பிரபு தட்டச்சு செய்துகொண்டிருந்தான், நான் அவன் நாற்காலியின் கைப்பிடியில். உள்ளே இருந்தவங்க எப்படிப் போயிருப்பாங்க என்று கேட்டான். நான் வெளியே பார்த்தபடி, விளக்கைக்கூட அணைச்சிருக்க மாட்டாங்க என்றேன். சும்மா. வாய்க்கு வந்தது. அவன் தட்டினான்.

அவன் சேர்த்தது மட்டும் நினைவிருந்தது; இத்தனை வருடம் அவன் ஏதோ ஆவணத்தில் எடுத்தது என்றுதான் நம்பியிருந்தேன். அவனுடைய சான்று என்று நினைத்துத்தான் அவனோடு சண்டை போட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச். பிரசங்கம் காதில் விழவில்லை. வெளியே மழை பிடித்தது.

செய்யக்கூடியவை: 
சும்மா இருப்பது. நிருவாகியே மூடிவிடுவார், நான் எதையும் சொன்னதாக ஆகாது. 
ஆசிரியர் ஊரில் இல்லை என்று இன்னும் இரண்டு வாரம் கேட்பது. கொடுப்பார்கள். இரண்டு வாரத்தில் அவன் குறைந்தது நான்கு பதிலாவது எழுதுவான். 
சொல்லிவிடுவது.

இரண்டாவதை எழுதியே விட்டேன். சேமிக்கும் பொத்தான்மேல் கை. அப்போது அம்மா, தலை துவட்டியபடி, "யார்கூட இப்டி சண்ட போட்டுகினு கீறே?" என்றாள். சண்டை இல்லையம்மா என்றேன். "அப்போ இன்னா?"

அழித்தேன். நாலு மணிக்குப் பதிவிட்டது:

"வாக்கியம் நூலிலிருந்து கட்டுரைக்கு வரவில்லை. கட்டுரையிலிருந்து நூலுக்குப் போயிருக்கிறது. ஆசிரியரை நேரில் கண்டு உறுதிசெய்தேன். முதலில் சேர்க்கப்பட்டது பல்கலைக்கழகக் கணினி அறையில். சொன்னவள் நான். அது ஊகம். மூலம் கிடையாது. நீக்கிவிடலாம்."

கோட்டைக்காரர்கள் இப்போது இரண்டாவது முறையும் வெளியே.

நவம்பர் 11, செவ்வாய்

மேகமூட்டம். ஸ்டிக்கரில் ஒரு பிழை, நூறு தாள் வீண். திட்டு.

11.20-க்குப் பிரபு. முதல் வரி: "அந்த வாக்கியத்தைச் சேர்த்தவன் நான். தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே ஒரு வரியில் முடித்திருக்கலாம். இரண்டு மாதம் முடிக்கவில்லை. இதை அலுவலகக் கழிப்பறையில் நின்று யோசித்தேன்.

இரண்டாவது பத்தி படை அதிகாரியின் கடிதத்தைப் பற்றி. அதன் பின்னிணைப்பை இப்போதுதான் முழுதும் படித்தானாம். கோட்டைக்குள் எடுத்த பொருள்களின் பட்டியல். வெடிமருந்துப் பீப்பாய், கயிறு, ஏணி. கடைசிக்கு முந்தைய வரி: அவித்த நெல், பதினோரு கூடை, உலராதது, பயன்படாது.

சாவி கொடுக்கத் தீர்மானித்தவர்கள் அன்று காலை நெல் அவிக்க மாட்டார்கள். அவன் எழுதியது இவ்வளவுதான். தலைப்பைக் "கைப்பற்றப்பட்டது" என்று அவனே மாற்றிவிட்டான். விளக்கு போய் நெல் வந்தது. ஈர நெல்லின் வாசனை அறைக்குள் வந்தது மாதிரி இருந்தது.

2.05-க்கு நிருவாகி: "இருவருக்கும் நன்றி. உரையாடல் முடிவுற்றது." பக்கத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பெட்டி. இனி அங்கே எழுத முடியாது.

சரவணன் கேட்டான், கோட்டை யாருக்கு மேடம் என்று. யாருக்கும் இல்லை என்றேன்.

நவம்பர் 12, புதன்

மழை. எதுவும் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

எதுவும் இல்லை. கன்னியப்பனுக்குப் போன் செய்து நெல்லைப் பற்றிச் சொன்னேன். "அடுத்த பதிப்புல ரெண்டையும் போட்றேன்" என்றார். விளக்கு வேண்டாம் சார் என்று கெஞ்சினேன். ஊட்டம்மாவிடம் கேட்டுச் சொல்கிறாராம்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். ரயில் சரியான நேரம்.

காலை 8.15-க்கு அறிவிப்பு. ஆவடிப் பக்கத்து ஏரி ஒன்றைப் பற்றி எப்போதோ நான் எழுதிய நான்கு வரிக் கட்டுரை. நான்கு வருடமாக யாரும் தொடாதது. மூன்றாவது வரி, ஏரிக்கு இரண்டு கலங்கல்கள், மிகுநீர் இரண்டு பக்கமும் வழிந்துபோகும் என்பது. அதன் முடிவில் பிரபு வைத்திருக்கிறான்: "சான்று தேவை."

உரையாடல் பக்கத்திலும் ஒரு வரி. "இரண்டாவது கலங்கல் எங்கே உள்ளது எனத் தாங்கள் விளக்க முடியுமா?"

மாலை வந்ததும் அலமாரியைத் திறந்தேன். நில அளவை வரைபடம், மடித்தபடியே, மேல் தட்டில். விரித்துப் பார்த்தேன். வடக்கே ஒரு கலங்கல். கிழக்கே ஒன்று. தெளிவாக, பெயரோடு.

மடித்து வைத்துவிட்டுப் பதில் எழுதினேன்.

"தேடிப் பார்க்கிறேன். சில நாள் ஆகும்."