இரண்டு விரல் பட்டால் அழிகிற பை

அண்ணாச்சி,

நீங்கள் எனக்காகத் தேடிப்பிடித்து அணைத்த சுவிட்சை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மறுபடி போட்டுவிட்டார்கள். செய்தவர்கள், டேப்லெட்டில் நான் பை வரைகிற அந்த மென்பொருளின் கம்பெனிக்காரர்கள். அப்டேட் என்று ஒன்று தானாக இறங்கியிருக்கிறது. அது தெரியாமல் நேற்றுக் காலை தாராவிப் பட்டறையில் உட்கார்ந்து ஒரு தோள்பைக்குப் பேட்டர்ன் போட்டேன். மதியம் பார்த்தால் கைப்பிடியைக் காணோம். பிறகு மூடியைக் காணோம்.

காரணம் உங்களுக்குத் தெரியும். நாற்பது வருடம் தோலின் மேல் வரைந்த கை இது. வலது கை கோடு போடும்போது தோல் நழுவாமல் இடது கையின் இரண்டு விரல்கள் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடித் திரை நழுவாது என்று அந்த விரல்களுக்கு யார் சொல்வது? மென்பொருளுக்கோ, இரண்டு விரல் பட்டால் கடைசிக் கோட்டை அழி என்று பொருள். எடுக்காமல் வைத்திருந்தால் வரிசையாக அழித்துக்கொண்டே போகும்.

முதல் தடவை இப்படி ஆனபோது முதலாளியின் மகன், "விடுங்க சித்தப்பா. டிசைனுக்கு வேற ஆளு வெச்சுக்கலாம். நீங்க பேக்கிங் பாத்துக்கோங்க, ஆராம்சே, நிதானமா" என்றான். பேட்டர்ன் போடுகிறவனை அட்டைப்பெட்டி ஒட்டச் சொல்கிறான். இதே பட்டறை வேலையை விட்டுச் செம்பூரில் மகள் வீட்டில் இருந்த உங்களுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். மறுநாளே பஸ் பிடித்து வந்துவிட்டீர்கள்.

"என்னவே, ரொட்டி தட்டுத மாதிரி கைய வைக்கீரு?"

"நாப்பது வருசமா இப்படித்தான் வைக்கேன். கைய மாத்த மாட்டேன் அண்ணாச்சி."

"ஒம்ம கைய யாரு மாத்தச் சொன்னா? மிஷின மாத்துவோம்."

மூன்று நாள் வந்தீர்கள். நாம் இருவருமே இதைப் பாடமாகப் படித்தவர்கள் இல்லை. இங்கிலீஷை எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தீர்கள். ஒரு தடவை படம் தலைகீழாகத் திரும்பியது. ஒரு தடவை எல்லாமே கறுப்பாகிவிட்டது. மூன்றாம் நாள், விரல் பட்டால் அழி என்கிற சுவிட்ச் அகப்பட்டது; அதை அணைத்ததும் திரை பேனாவை மட்டும் கவனித்தது. நான் நிம்மதியாகச் சாய்ந்தேன். நீங்களோ அதை மறுபடி போட்டுவிட்டு டேப்லெட்டை என் பக்கம் தள்ளினீர்கள்.

"இப்ப நீரு அணையும்."

"அதான் நீங்க அணைச்சாச்சுல்லா?"

"எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒமக்குத் தெரிய வேண்டாமாவே?"

ஐந்து தடவை அணைக்க வைத்தீர்கள். எரிச்சலில் நன்றிகூடச் சொல்லவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று முதலாளியின் மகன் மறுபடி போனைக் கையில் எடுத்து யாரோ டிசைனரின் நம்பரைத் தேடினான். அந்தச் சுவிட்சை இடம் வேறு மாற்றி வைத்திருந்தார்கள். ஆனால் எப்படித் தேடுவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவன் பேசி முடிப்பதற்குள் அணைத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் பை முழுசாக வந்துவிட்டது. என் நாற்காலி இன்னும் என்னுடையதுதான். நீங்கள் கண்மூடி எட்டு மாதம் ஆகிறது. அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்திருப்பது இப்போதும் நீங்கள்தான்.

ஆனால் இதை நான் விடுவதாக இல்லை. ஒருவர் அணைத்து வைத்ததை அவரைக் கேட்காமல் போடக் கூடாது. இதைக் கம்பெனிக்காரர்கள் சரிசெய்ய வேண்டும். புகாரைத் தமிழில் எழுதிவிட்டேன். அதை இங்கிலீஷில் ஆக்கி அனுப்ப வேண்டியது முதலாளியின் மகன். மாடியில் எம்பிராய்டரிக்கு வரைகிற பாய்க்கும் நேற்றிலிருந்து பூவெல்லாம் அழிகிறதாம். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நான் திரையைத் தொடாமல், அவர் கையாலேயே அணைக்க வைக்க வேண்டியது நான்.